இணைய மென்பொருள் வணிகத்திற்கு ஏற்ற வருகைக் கணக்குக் கருவி



கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதி மிளகு வணிகத்திற்குப் பெயர் பெற்றது. யூதர் தெருவிலும் பஜார் சாலையிலும் உள்ள கிடங்குகளுக்கு இடுக்கி, வயநாடு மலைப் பகுதிகளிலிருந்து மிளகு மூட்டைகள் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அங்கே மிளகு வாங்குபவர் மூட்டைகளை எண்ணிப் பார்த்து விலை கூறுவதில்லை. ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் மிளகு நிற்கிறது என்னும் 'லிட்டர் எடை'யைப் பார்க்கிறார். ஈரப்பசை எவ்வளவு, பொக்கு எவ்வளவு, தூசும் காம்பும் எவ்வளவு என்று ஆராய்கிறார். புடைத்துத் தூய்மை செய்யாத மிளகுக்கு ஒரு விலை. தூய்மை செய்த மிளகுக்கு வேறு விலை. 'மலபார் கார்பிள்டு' முதல் தரம் என்று விற்க வேண்டுமானால் ஈரப்பசை 11 சதவீதத்தையும் பொக்கு மிளகு 2 சதவீதத்தையும் தாண்டலாகாது. 1957-ஆம் ஆண்டில் அதே மட்டாஞ்சேரியில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் தோன்றியது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்ட தரத்தின் அடிப்படையில் முன்பேர வணிகம் நடத்த அது இடம் தந்தது.

எதை அளப்பது, எப்படித் தூய்மை செய்து அளப்பது, அளவுகோல் யார் கையில் இருப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் மிளகு வணிகம் நீண்ட அனுபவத்தின் வழியே விடை கண்டுள்ளது. இன்று அதே கொச்சியில் வளர்ந்துவரும் மற்றொரு வணிகம் இக்கேள்விகளைப் புதிதாக எதிர்கொள்கிறது. அதுவே இணையத்தின் வழியே மென்பொருள் விற்கும் வணிகம்.

கொச்சியின் புதிய சரக்கு

கேரளத்தின் முதல் தொழில்நுட்பப் பூங்கா 1990-இல் திருவனந்தபுரத்தில் அமைந்தது. கொச்சிக்கு அருகே காக்கநாட்டில் இன்ஃபோபார்க் 2004-இல் செயல்படத் தொடங்கியது. 2012-இல் களமசேரியில் புதுத் தொழில் முனைவோருக்கென 'ஸ்டார்ட்அப் வில்லேஜ்' உருவாயிற்று. 2019-இல் அதே களமசேரியில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஒருங்கிணைந்த வளாகம் திறக்கப்பட்டது. இவற்றின் பயனாக, சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு மென்பொருளை உருவாக்கி, மாதச் சந்தா முறையில் உலகெங்கும் விற்பது இயலக்கூடிய தொழிலாகியுள்ளது.

இந்தச் சரக்கு துறைமுகத்தின் வழியே செல்வதில்லை. வாடிக்கையாளர் இணையதளத்திற்கு வருகிறார், விவரங்களைப் படிக்கிறார், சில நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கிறார், விரும்பினால் சந்தா செலுத்துகிறார், விரும்பாவிட்டால் சொல்லாமலே சென்றுவிடுகிறார். கடைக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்து அறியக்கூடியவற்றை இங்கே எண்களைக் கொண்டுதான் அறிய வேண்டியுள்ளது. இந்த எண்களைத் திரட்டித் தொகுத்துத் தரும் மென்பொருளே 'வெப் அனலிடிக்ஸ்' எனப்படும் வருகைக் கணக்குக் கருவி. சந்தையில் இத்தகைய கருவிகள் பல உள்ளன. ஒன்று இலவசம், மற்றொன்று விலைக்கு, இன்னொன்று சொந்தக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளக்கூடியது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சிறு விஷயம்போலத் தோன்றினாலும், நிறுவனத்தின் விளம்பரச் செலவு, விலை நிர்ணயம், வாடிக்கையாளரின் நம்பிக்கை ஆகிய மூன்றும் இத்தேர்வைச் சார்ந்துள்ளன.

முதலில் கேள்வி, பின்னர் கருவி

மட்டாஞ்சேரியில் கிடங்கு உரிமையாளர்களுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தா ரூ.500. ஒரு மாதத்தில் அதன் சர்வரில் 10,000 வருகைகள் பதிவாகின்றன. அவற்றில் 4,000 தேடுபொறிகளும் பிற தானியங்கி நிரல்களும் செய்தவை. மீதமுள்ள 6,000 மனிதர்களின் வருகைகள். இவற்றிலிருந்து 300 பேர் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கப் பதிவு செய்கின்றனர். அந்த 300 பேரில் 30 பேர் சந்தா செலுத்துகின்றனர்.

இந்த நிறுவனத்தின் வெற்றியைக் காட்டும் எண் எது? 10,000 என்பது புடைக்காத மிளகு. 6,000 என்பது தூய்மை செய்த மிளகு. ஆயினும் அது வருவாய் ஆகாது. 300 என்பது ஆர்வத்தைக் காட்டுகிறது. 30 மட்டுமே பணமாகிறது. விளம்பரக் கையேட்டில் முதல் எண்ணை அச்சிடுவது எளிது. தொழிலை நடத்துவதற்குக் கடைசி இரு எண்களே பயன்படுகின்றன.

மேலும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர்களில் மாதந்தோறும் 5 சதவீதத்தினர் விலகினால், ஒருவர் சராசரியாக 20 மாதங்கள் தங்குகிறார். அவரிடமிருந்து வரும் மொத்தச் சந்தா ரூ.10,000. விலகுவோர் 3 சதவீதமாகக் குறைந்தால் அவர் சுமார் 33 மாதங்கள் தங்குகிறார். சந்தாவும் ஏறத்தாழ ரூ.16,700 ஆகிறது. புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்காமலே ஒவ்வொரு வாடிக்கையாளரின் மதிப்பும் மூன்றில் இரு பங்கு உயர்ந்துவிடுகிறது. இத்தனை முக்கியமான இந்த எண் வருகைக் கணக்குக் கருவி எதிலும் தானாக வருவதில்லை. அது நிறுவனத்தின் வரவுப் பேரேட்டில் இருக்கிறது. ஆகவே கருவியைத் தேடிப் புறப்படுமுன், கையில் இருக்கும் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருப்பது முதற்கடமையாகும்.

அப்படியானால் கருவி எதற்கு? எந்த வழியாக வந்தவர்கள் சந்தாதாரர் ஆகின்றனர் என்பதைப் பிரித்தறிய அது தேவை. ஒரு விளம்பரத்தின் மூலம் 1,000 பேர் வருகின்றனர். ஒரு வருகைக்கு ரூ.10 வீதம் ரூ.10,000 செலவு. அவர்களில் 5 பேர் சந்தா செலுத்தினால் ஒரு வாடிக்கையாளரைப் பெற ரூ.2,000 ஆகிறது, அது இலாபகரமானது. ஒருவரே செலுத்தினால் செலவு ரூ.10,000, அவர் 20 மாதங்கள் தங்கினால்தான் விளம்பரச் செலவே திரும்பக் கிடைக்கும். மொத்த வருகையை மட்டும் காட்டும் கருவி இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். வந்த வழியையும் சந்தாவையும் இணைத்துக் காட்டும் கருவி, எளியதாயினும், நிறுவனத்தைக் காப்பாற்றும்.

எண்ணும் முறைகள் இரண்டு

வருகையை எண்ண இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, சர்வரின் பதிவேட்டைப் படிப்பது. இணையதளத்தை வழங்கும் கணிப்பொறி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது. எந்த நேரம், எந்த முகவரியிலிருந்து, எந்தப் பக்கம், எந்தத் தளத்தின் வழியாக என்ற விவரங்கள் அதில் இருக்கும். 1995-இல் வெளிவந்த 'அனலாக்', 1997-இன் 'வெபலைசர்', 2000-இன் 'ஏடபிள்யூஸ்டாட்ஸ்' ஆகியவை இந்தப் பதிவேட்டைத் தொகுத்துத் தந்த கருவிகள்.

இரண்டாவது, பக்கத்தில் ஒரு சிறு நிரலைப் பொருத்துவது. பார்வையாளரின் கணிப்பொறியில் பக்கம் திறக்கும்போது அந்நிரல் இயங்கி, எண்ணும் சர்வருக்குச் செய்தி அனுப்புகிறது. அவர் மீண்டும் வந்தால் அடையாளம் காண 'குக்கீ' எனப்படும் சிறு குறிப்பையும் விட்டுச் செல்கிறது. அமெரிக்காவின் 'அர்ச்சின்' என்ற நிறுவனத்தைக் கூகுள் 2005-இல் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் 'கூகுள் அனலிடிக்ஸ்' என்ற பெயரில் இலவசமாக வழங்கியது. அதன் பின்னர் இந்த இரண்டாவது முறையே உலகெங்கும் பரவியது.

இரு முறைகளிலும் குறைகள் உள்ளன. ஆனால் அவை எதிரெதிர்த் திசைகளில் உள்ளன. பதிவேட்டு முறை தானியங்கி நிரல்களையும் சேர்த்து எண்ணுவதால் கணக்கு மிகுந்து தோன்றும். நிரல் முறையில், விளம்பரத் தடுப்பான்களைப் பயன்படுத்துவோரும் இசைவு தர மறுப்போரும் விடுபட்டுப்போவதால் கணக்குக் குறைந்து தோன்றும். இதற்கு மாறாக, ஒரே நபர் இருவராக எண்ணப்படுவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி, நிரல் எழுதும் குக்கீகளின் ஆயுளை 2019 முதல் ஏழு நாட்களாகக் குறைத்துவிட்டது. பத்து நாட்கள் கழித்துத் திரும்பி வருபவர் அங்கே 'புதியவர்' என்று பதிவாகிறார். ஆகவே இரு கருவிகளைப் பொருத்திவிட்டு, இரண்டும் ஒரே எண்ணைத் தரவில்லையே என்று மனம் வருந்துவதில் பொருளில்லை. ஏதேனும் ஒரு முறையைத் தேர்ந்து, அதை மாற்றாமல் தொடர்ந்து, மாதத்திற்கு மாதம் ஏற்படும் போக்கைக் கவனிப்பதே பயன் தரும்.

தராசு யார் கையில்?

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, வணிகத்தில் பயன்படும் தராசும் எடைக்கல்லும் அரசு அலுவலரால் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். விற்பவரின் தராசை வாங்குபவர் நம்புவதற்கு அந்த முத்திரையே அடிப்படை. இணைய வருகைக் கணக்கிற்கு அத்தகைய முத்திரை ஏதுமில்லை. அதுமட்டுமன்று, விளம்பர இடத்தை விற்கும் நிறுவனமே, அந்த விளம்பரம் எத்தனை பயன் தந்தது என்று எண்ணித் தரும் நிறுவனமாகவும் பல சமயங்களில் இருக்கிறது. சரக்கை விற்பவரே தராசையும் பிடிக்கிறார்.

இதில் தீய நோக்கம் இருக்க வேண்டுமென்பதில்லை. வரையறையில் நேரும் ஒரு சிறு பிசகே போதும். ஃபேஸ்புக் நிறுவனம் 2016 செப்டம்பரில் ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது. தன் தளத்தில் காணொளிகளைப் பார்க்கும் சராசரி நேரத்தை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டிவிட்டதாக அது கூறியது. மொத்தப் பார்வை நேரத்தைப் பார்த்தவர் அனைவராலும் வகுப்பதற்குப் பதிலாக, மூன்று வினாடிகளுக்கு மேல் பார்த்தவர்களால் மட்டும் வகுத்ததே காரணம். வகுக்கும் எண் சிறுத்ததால் சராசரி பெருத்தது. விளம்பர முகவர் ஒருவருக்குத் தெரிவிக்கப்பட்ட மதிப்பீட்டின்படி, மிகைப்பு 60 முதல் 80 சதவீதம் வரை இருந்தது. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது. ஒரு சராசரியைக் கண்டதும் அதன் அடியில் உள்ள எண் எது என்று கேட்க வேண்டும்.

தராசு பிறர் கையில் இருப்பதால் நேரும் இரண்டாவது இடர், பதிவுகள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாமை. கூகுள் அனலிடிக்ஸின் பழைய வடிவமான 'யுனிவர்சல் அனலிடிக்ஸ்' 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவு செய்வதை நிறுத்திக்கொண்டது. 2024 ஜூலையில் அதன் பழைய பதிவுகளைக் காணும் வசதியும் முடிவுற்று, பதிவுகள் அழிக்கப்படத் தொடங்கின. முன்னறிவிப்புத் தரப்பட்டது என்பது உண்மை. உரிய காலத்தில் தம் கணக்குகளை இறக்கி வைத்துக்கொண்டவர்களுக்கு நட்டமில்லை. அவ்வாறு செய்யாதவர்கள் பல ஆண்டுக்காலத் தொடர் வரிசையை இழந்தனர். புதிய வடிவத்தின் எண்ணும் அடிப்படையே வேறு என்பதால், பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடவும் இயலாது. புதிய வடிவத்தின் இலவசப் பிரிவில், தனித்தனிப் பயனாளர் நிகழ்வுகளின் பதிவுகள் இயல்பாக இரண்டு மாதங்களும், அமைப்பை மாற்றினால் 14 மாதங்களும் மட்டுமே ஆய்வுக்குக் கிடைக்கும். ஓணத்தையொட்டிய விற்பனையை மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பிட விரும்பும் நிறுவனம் இதை முன்கூட்டியே அறிந்து, பதிவுகளை நாள்தோறும் தன் சேமிப்புக்கு மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.

கருவிகளின் வகைகள்

சந்தையில் உள்ள கருவிகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பெரு நிறுவனங்கள் இலவசமாகத் தருபவை. கூகுள் அனலிடிக்ஸ், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'கிளாரிட்டி' ஆகியவை இதில் அடங்கும். பணச் செலவில்லை, வசதிகள் மிகுதி, விளம்பரங்களுடன் இணைப்பது எளிது. ஆனால் வாடிக்கையாளர் பற்றிய விவரம் மூன்றாம் நிறுவனத்தின் கைக்குச் செல்கிறது. விலை இல்லை என்று கூறுவதைவிட, விலையைச் செலுத்துபவர் வேறொருவர் என்று கூறுவதே பொருத்தம்.

இரண்டாம் வகை, சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள்கள். 2007-இல் 'பிவிக்' என்ற பெயரில் தொடங்கி 2018-இல் 'மடோமோ' எனப் பெயர் மாறிய கருவி இவற்றில் நன்கு அறியப்பட்டது. பதிவுகள் முழுவதும் நிறுவனத்திடமே இருக்கும். சர்வர் வாடகையும் அதைப் பராமரிக்கும் ஒருவரின் நேரமுமே செலவு. கேரளம் கட்டற்ற மென்பொருளுக்குப் புதிய மாநிலமன்று. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பின்னர் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே கொண்டு கணிப்பொறிக் கல்வியை நடத்தியது. 2007-ஆம் ஆண்டின் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் அதற்கு முதன்மை தந்தது. ஆகவே இவ்வகைக் கருவியை நிர்வகிக்கத் தெரிந்தவர்கள் கொச்சியில் கிடைப்பது கடினமன்று.

மூன்றாம் வகை, சிறு கட்டணத்திற்குக் கிடைக்கும் எளிய கருவிகள். எஸ்டோனியாவிலிருந்து நடத்தப்படும் 'பிளாசிபிள்' இதற்கு எடுத்துக்காட்டு. குக்கீ இல்லாமல், தனி மனிதரை நாளுக்கு நாள் பின்தொடராமல், மொத்த எண்களை மட்டும் தருபவை இவை. வருகை, வந்த வழி, பார்த்த பக்கம், பதிவு செய்தோர் எண்ணிக்கை ஆகியவை ஒரே திரையில் அடங்கும். பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

நான்காம் வகை, மென்பொருளுக்குள் பயனாளர் என்ன செய்கிறார் என்பதை ஆராய்பவை. 'மிக்ஸ்பேனல்', 'ஆம்ப்ளிடியூட்', 'போஸ்ட்ஹாக்' போன்றவை இவ்வகையின. வாயிலில் நின்று எண்ணுவதை விட்டு, உள்ளே வந்தவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று இவை காட்டும். பதிவு செய்த 300 பேரில் 270 பேர் ஏன் சந்தா செலுத்தவில்லை என்ற கேள்விக்கு விடை தேடுபவருக்கு இவை உதவும். வாடிக்கையாளர்கள் 50 பேர் மட்டுமே உள்ள நிறுவனமோ, கருவியை விடுத்து அவர்களிடம் தொலைபேசியில் பேசினாலே அதிகம் அறிந்துகொள்ளும்.

தமிழ்நாட்டின் ஓர் அனுபவம் இங்கே கருதத்தக்கது. 1996-இல் தொடங்கி, இன்று சென்னையிலும் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் இயங்கும் சோஹோ நிறுவனம், தன் இணையதளங்களிலிருந்து பிற நிறுவனங்களின் பின்தொடர் நிரல்களை நீக்கிவிட்டதாக 2020-இல் அறிவித்தது. தன் வாடிக்கையாளரைப் பற்றிப் பிறர் அறிந்துகொள்ளத் தன் தளம் வழியாகக் கூடாது என்பது அதன் வாதம். தனக்கென வருகைக் கணக்குக் கருவியைத் தானே உருவாக்கும் வலிமை அதற்கு உண்டு. மட்டாஞ்சேரியின் சிறு நிறுவனத்திற்கு அவ்வலிமை இல்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் வகைக் கருவிகள் அதே பயனைக் குறைந்த செலவில் அதற்கும் தருகின்றன.

சட்டத்தின் எல்லை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2023-இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. இன்ன நோக்கத்திற்காக இன்ன விவரம் திரட்டப்படுகிறது என்று தெளிவாக அறிவித்து இசைவு பெறுவது இதன் அடிப்படை. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும். 18 வயது நிரம்பாதோரின் நடத்தையைப் பின்தொடர்வதைச் சட்டம் தடுக்கிறது. விதிகள் சில விலக்குகளையே அளிக்கின்றன. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வெளிநாட்டு வாடிக்கையாளரை நாடும் நிறுவனம் அந்நாட்டுச் சட்டத்தையும் கருத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படையில் 2022-இல் ஆஸ்திரியா, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள், கூகுள் அனலிடிக்ஸ் பயன்பாட்டின்போது விவரங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டதைச் சட்டத்திற்கு மாறானதெனக் கண்டன. 2023 ஜூலையில் இரு தரப்புக்கும் இடையே புதிய ஏற்பாடு உருவான பின் நிலைமை மாறியது. ஒன்றரை ஆண்டுக் காலத்தில் இருமுறை மாறிய இச்சூழலில், பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர்களை நாடின. சிறு நிறுவனத்திற்கு அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: தேவையற்ற விவரத்தைத் திரட்டாமலே இருப்பது. திரட்டாத விவரம் கசிவதில்லை. அதற்கு இசைவும் வேண்டியதில்லை.

இந்தியக் கணிப்பொறி அவசரச் செயற்குழுவான 'சர்ட்-இன்' 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையின்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். பாதுகாப்புக்கென வைத்திருக்க வேண்டிய அந்தப் பதிவேடுகளில் சர்வர் பதிவேடும் உண்டு. அதிலிருந்தே முதற்கட்ட வருகைக் கணக்கைத் தொகுத்துவிடலாம் என்பதைப் பல நிறுவனங்கள் கவனிப்பதில்லை.

தற்செயலும் உண்மையும்

கருவி எவ்வளவு சிறந்ததாயினும், அது தரும் எண்ணைப் படிக்கும் திறன் இல்லையேல் பயனில்லை. நிறுவனம் இரண்டு விதமான விலைப் பக்கங்களைத் தயாரித்து, ஒவ்வொன்றையும் 1,000 பேருக்குக் காட்டுகிறது என்று கொள்வோம். முதற்பக்கத்தின் வழியே 20 பேரும் இரண்டாம் பக்கத்தின் வழியே 26 பேரும் சந்தா செலுத்துகின்றனர். இரண்டாம் பக்கம் 30 சதவீதம் சிறந்தது என்று கருவியின் திரை பச்சை நிறத்தில் அறிவிக்கக்கூடும். புள்ளியியல் அவ்வாறு சொல்வதில்லை. இத்தகைய எண்களின் வித்தியாசத்தில் தற்செயலாக ஏற்படும் ஊசலாட்டமே ஏறத்தாழ 7. கிடைத்த வித்தியாசம் 6. இரண்டு பக்கங்களும் ஒரே தரத்தவை என்றாலும் இப்படி நேரக்கூடும். இந்த அளவு வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையுடன் உறுதி செய்யப் பக்கத்திற்குச் சுமார் 10,000 பார்வையாளர்கள் வேண்டும். மாதம் 6,000 வருகைகள் உள்ள நிறுவனத்திற்கு அதற்கு மூன்று மாதங்களுக்கு மேலாகும். வாரந்தோறும் பக்கத்தை மாற்றிக்கொண்டிருப்பது தற்செயலைத் துரத்துவதேயாகும்.

அரசு அலுவலர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிதியுதவி பெற்ற நிறுவனத்தின் முன்னேற்றத்தையோ ஒரு துறையின் இணையச் சேவையையோ மதிப்பிடும்போது, மொத்த வருகையை அளவுகோலாக வைத்தால், அந்த எண்ணை உயர்த்துவதே நோக்கமாகிவிடும். அதை உயர்த்துவதோ மிக எளிது. விண்ணப்பத்தைத் தொடங்கியவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டனர் என்று கேட்பதே மக்களுக்குப் பயன்படும் கேள்வி.

தேர்வுக்கான வரிசை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், இணைய மென்பொருள் வணிகத்தில் இறங்குவோர் பின்வரும் வரிசையைக் கைக்கொள்வது நன்று.

ஒன்று: அடுத்த ஆறு மாதங்களில் எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரு தாளில் எழுத வேண்டும். அவற்றில் எந்த முடிவுக்கும் உதவாத எண்ணைத் திரட்டக் கூடாது.

இரண்டு: சந்தா வரவு, விலகியோர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொந்தப் பேரேட்டில் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும். கருவி காட்டும் விற்பனையை மாதந்தோறும் இந்தப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று: தேவையை நிறைவு செய்யும் கருவிகளுள் எளியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரச் செலவு பெரிதாக இல்லாத நிறுவனத்திற்கு இரண்டாம் அல்லது மூன்றாம் வகையே போதும். விளம்பரத்தை நம்பியிருக்கும் நிறுவனம் முதல் வகையைப் பயன்படுத்தினாலும், விளம்பரம் விற்பவரின் எண்ணை மட்டும் நம்பிச் செலவை உயர்த்தக் கூடாது.

நான்கு: பதிவுகளைப் பொது வடிவில் இறக்கிக்கொள்ள இயலுமா, கருவி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மாதத்திற்கு ஒருமுறையேனும் தொகுப்பை இறக்கித் தன் வசம் வைக்க வேண்டும்.

ஐந்து: என்ன திரட்டப்படுகிறது என்பதை வாடிக்கையாளர் புரிந்துகொள்ளும் மொழியில் தளத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அவ்வாறு எழுதத் தயங்கும் அளவுக்கு ஒரு விவரம் இருக்குமாயின், அதைத் திரட்டாதிருப்பதே முறை.

மட்டாஞ்சேரியின் சந்தையில் பின்னாளில் குரல் எழுப்பி விலை கூறிய இடத்தைக் கணிப்பொறித் திரை எடுத்துக்கொண்டது. திரை வந்த பின்னும் மிளகின் ஈரப்பசையையும் லிட்டர் எடையையும் அளக்க வேண்டிய தேவை குறையவில்லை. இணைய வணிகத்திலும் அவ்வாறே. திரையில் தோன்றும் எண்களைத் தூய்மை செய்து, சொந்தக் கணக்குடன் சரிபார்த்து, வாடிக்கையாளரின் உரிமையை மதித்து நடத்தும் நிறுவனங்களே நிலைத்து நிற்கும். இன்று கல்லூரிகளில் பொருளாதாரமும் கணிப்பொறியியலும் பயிலும் மாணவர்கள் இவ்விரு அறிவையும் இணைத்துக்கொண்டால், அத்தகைய நிறுவனங்கள் கொச்சியிலும் கோவையிலும் தென்காசியிலும் பெருகும்.